கைதட்டு, விளக்கேற்று, வாரியத்தைக் கலை

ஆண்டு முடிந்தால் ஆண்டு மலர் போடுவது பத்திரிகைகளுக்கும் டி.வி. சேனல்களுக்கும் தொழில் தர்மம். 2020க்கும் போட்டார்கள். கொரோனாவுக்குப் பக்கம் பக்கமாக, ட்ரம்புக்குக் கொஞ்சம், தோனிக்குக் கொஞ்சம், ரஜினிக்கு நடுப்பக்கம். ஆரணிக்கு அரை வரி இல்லை. அதில் குற்றம் சொல்ல முடியாது. இங்கே யாரும் ஓய்வை அறிவிக்கவில்லை, கட்சி தொடங்கவில்லை, தொடங்குவதாகச் சொல்லிவிட்டுத் தொடங்காமலும் இருக்கவில்லை. தறி நின்றது, அவ்வளவுதான். நின்ற தறியை எந்தக் கேமராவில் பிடிப்பது? ஓடுகிற தறி என்றால் பின்னணியில் வீணை வாசித்து இரண்டு நிமிடம் ஓட்டலாம்.

ஆகவே எங்கள் ஊருக்கான 2020 மலரை நாங்களே போட்டுக்கொள்கிறோம். காலம் கடந்துவிட்டதே என்பீர்கள். கூலி உயர்வு வந்து சேர்கிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது அவசர வெளியீடு.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் அரிசி தெரியும். மூட்டையில் ஊர்ப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பட்டுக்கு அந்த யோகம் இல்லை. ஆரணி, சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் நெய்கிற சேலை, வண்டி ஏறி வடக்கே போகப்போக ஊர்ப் பெயரை உதிர்த்துவிடும். தி.நகர் கண்ணாடி அலமாரிக்குள் நுழையும்போது பல நேரம் அது காஞ்சிபுரம். ஆரணிப் பட்டுக்கென்று தனியாகப் புவிசார் குறியீடு இருக்கிறது. சுவரில் மாட்ட நல்ல பொருள்.

இனி பிப்ரவரி. வருமான வரிச் சோதனை முடிந்து நெய்வேலி படப்பிடிப்புக்குத் திரும்பிய விஜய், வேன் மேல் ஏறி ரசிகர் கடலோடு ஒரு செல்ஃபி எடுத்தார். அந்த வருடம் இந்தியாவில் அதிகம் மறுபகிர்வு செய்யப்பட்ட ட்வீட் அதுதான் என்று டிசம்பரில் ட்விட்டர் நிறுவனமே அறிவித்தது. அதே நாட்களில் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘பாரசைட்’ சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. கொரியர்கள் அந்தக் கோப்பையைத் துடைத்து வைப்பதற்குள், அந்தக் கதை 1999இல் வந்த ‘மின்சார கண்ணா’வின் கதை, சட்டப்படி பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினார் தயாரிப்பாளர் பி.எல்.தேனப்பன். அதுவும் விஜய் படம்தான். தமிழ்நாடே வயிறு வலிக்கச் சிரித்தது.

நாங்கள் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. திருட்டு என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். ஒரு நெசவாளி ஜக்கார்டுக்குப் புது அட்டை அடித்து, பாவு என்கிற நீளவாட்டு இழைகளை ஏற்றி, கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒரு புட்டாப் பூவைக் கொண்டுவந்தால், அதே புட்டா கொஞ்ச நாளில் விசைத்தறியில் பாலியெஸ்டராகப் பிறந்து கால் விலைக்குச் சந்தையில் நிற்கும். சேலை உட்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்துவிட்டது. சட்டம் தன் கடமையைச் செவ்வனே செய்கிறது, புத்தகத்தில் இருக்கிறது. தேனப்பனுக்காவது விரல் நீட்டக் கொரியா என்று ஒரு தூர தேசம் கிடைத்தது. எங்களுடைய திருடன் எங்களோடு டீக்கடையில் உட்கார்ந்து ‘தொழில் முன்ன மாதிரி இல்லப்பா’ என்று வருத்தப்படுகிறவன்.

பிப்ரவரி 24. அகமதாபாத் மொட்டேரா மைதானத்தில் ‘நமஸ்தே ட்ரம்ப்’. போகும் வழியில் சபர்மதி ஆசிரமம். ட்ரம்பையும் மெலனியாவையும் ராட்டைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ட்ரம்ப் நூலைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து போய் வருகைப் பதிவேட்டில் தன் அருமை நண்பர் மோடிக்கு நன்றி எழுதினார். அது காந்தி இருந்த இடம். எழுதியதில் காந்தி பெயர் இல்லை. சிலர் கோபப்பட்டார்கள். நான் அந்த ராட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அது என்ன வேலை பார்த்ததோ, அதே வேலையைத்தான் அந்த வருடம் முழுக்கக் கைத்தறியும் பார்க்கப்போகிறது என்று அப்போது தெரியவில்லை. பெரிய மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஒரு மரச்சாமான்.

மார்ச் 22, ஞாயிறு, மாலை 5 மணி. கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். தாம்பாளம், கரண்டி, டிபன் கேரியர் மூடி, எது கிடைத்ததோ அதையும் தட்டினோம். 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் டி.வி.யில் தோன்றி, நள்ளிரவு முதல் நாடே மூடப்படும் என்றார். நான்கு மணி நேர அவகாசம். பழைய பாவோடு புதுப் பாவை இழைக்கு இழை பிணைத்து முடிக்க எங்களுக்கு அதைவிட நேரம் வேண்டும். ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றச் சொன்னார்கள். ஏற்றினோம். எண்ணெய் செலவு எங்களுடையது.

அமெரிக்காவில் அதற்குக் கொஞ்சம் முன்னால், நடிகை கேல் கடோட்டும் அவருடைய பிரபல நண்பர்களும் ஊரடங்கில் அவரவர் வீட்டில் இருந்தபடியே ஆளுக்கு ஒரு வரியாக ஜான் லெனனின் ‘இமேஜின்’ பாட்டைப் பாடி உலகத்துக்கு ஆறுதல் சொன்னார்கள். உடைமை என்று எதுவுமே இல்லாத ஓர் உலகத்தைக் கற்பனை செய்யச் சொல்லும் பாட்டு அது. கற்பனை எதற்கு? ஒண்ணுபுரம் பஸ் ஏறியிருந்தால் நேரிலேயே காட்டியிருப்போம். அந்த நட்சத்திரங்களை உலகமே காறித் துப்பியது. இங்கே கைதட்டச் சொன்னவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாம் நாகரிகம் தெரிந்தவர்கள்.

உழவனுக்கு மழை எப்படியோ அப்படித்தான் எங்களுக்கு முகூர்த்தம். சித்திரை, வைகாசி, ஆனி என்று மூன்று மாதக் கல்யாணத்தை நம்பித்தான் தை மாதத்திலிருந்து சேலை சேர்ப்பார்கள். அந்த வருடம் மூன்று மாதமும் மண்டபங்களில் பூட்டு. ராமநகரம் பட்டுக்கூட்டுச் சந்தைப் பக்கமிருந்து பட்டு வரவில்லை. சூரத்திலிருந்து ஜரிகை வரவில்லை. சூரத்தில் ஏப்ரல் 10ஆம் தேதி, எங்களை ஊருக்கு அனுப்புங்கள் என்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியதைச் சேனல்கள் ‘வன்முறை’ என்று காட்டின. முதலாளிகள் பாவு கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் முதலாளி என்றால் நூலும் ஜரிகையும் கொடுத்துச் சேலையை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பவர். அந்த மே மாதம் ஊபர் நிறுவனம் ஆயிரக்கணக்கான ஊழியர்களை ஜூம் அழைப்பில் வேலையைவிட்டு நீக்கியது. உலகப் பத்திரிகைகள் அந்த ஈவிரக்கமின்மையைக் கண்டு பதறின. இங்கே ஜூமும் இல்லை, நீக்கமும் இல்லை. “அடுத்த வாரம் பாக்கலாம்பா.” அந்த அடுத்த வாரம் ஆவணி வரைக்கும் நீண்டது.

ஒரு பட்டுச் சேலை ஒரு ஆளால் ஆவதில்லை. முறுக்குப் போடுகிறவர், சாயக்காரர், விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவு தோய்கிறவர்கள், அச்சு பிணைக்கிறவர், திண்ணையில் உட்கார்ந்து ஊடை நூலைத் தார் சுற்றும் பாட்டி. சர்க்காரின் கண்ணுக்குத் தறிமேல் உட்கார்ந்திருப்பவர் மட்டும்தான் தெரிவார், அவரும் பதிவு செய்திருந்தால். ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். நல வாரியத்தில் பெயர் இருந்த நெசவாளருக்கு 2,000 ரூபாய் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் நன்றியோடுதான் வாங்கினார்கள். பசியில் யாரும் வகுத்தல் கணக்குப் போடுவதில்லை. தார் சுற்றும் பாட்டிக்கு எந்த வாரியம் என்று கேட்டால் அதிகாரிக்கே கோபம் வந்திருக்கும்.

பிறகு இ-பாஸ் வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக வேண்டுமானால் மருத்துவம், மரணம், திருமணம் இப்படி ஏதாவது ஒன்று வேண்டும். மணப்பெண் போகலாம். மேளக்காரர் போகலாம். முகூர்த்தச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவன் எந்தக் காரணத்தில் டிக் அடிப்பது? ‘திருமணம்’ என்று போட்டால் பத்திரிகை கேட்பார்கள். முந்தானையை விரித்துக் காட்ட வேண்டியதுதான். ஜூன் 19 முதல் சென்னையும் அதைச் சுற்றிய மாவட்டங்களின் பகுதிகளும் மறுபடி பூட்டப்பட்டன. எங்கள் சேலை பெயர் மாற்றிக்கொள்ளும் சந்தையும் அதோடு அடைபட்டது.

கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று விதி போட்டார்கள். தொற்றுக்கு அது சரி. ஆனால் ஐம்பது பேர் கல்யாணத்தில் எத்தனை பட்டு வேண்டும்? மாமியாருக்கு ஒன்று, நாத்தனார்களுக்கு, பெரியம்மாவுக்கு, கோபித்துக்கொண்டிருக்கும் அத்தைக்குக் கூடுதல் ஜரிகையோடு ஒன்று என்று எடுத்த காலம் போய், மணப்பெண்ணுக்கு ஒன்றோடு முடித்தார்கள். மற்ற உறவெல்லாம் ஜூமில் ஆசீர்வாதம். ஜூமில் தோளுக்குக் கீழே தெரியாது. கரையும் தெரியாது, முந்தானையும் தெரியாது. இந்தத் தொழிலுக்கு அதைவிடக் கொடிய கண்டுபிடிப்பை எவனும் செய்ததில்லை.

ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே போய், பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலரில் நின்றது. வாங்கிக்கொள்கிறவனுக்கு விற்கிறவன் காசு கொடுத்தான். மே முதல் வாரத்தில் மாநில அரசு மதிப்புக் கூட்டு வரியை ஏற்றியது. மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றியது. உலகத்தின் நஷ்டமெல்லாம் நேராக ஆரணிக்கு வரும். லாபம் மட்டும் வழியில் இறங்கிக்கொள்ளும்.

அரசு வேகமாக வேலை செய்யாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். மே 7 டாஸ்மாக் திறந்தது. 8ஆம் தேதி உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு டெல்லிக்கு ஓடியது. 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. 16ஆம் தேதி கடை திறந்தது. எட்டே நாள். 1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என்று அதே உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 1993 ஆனது. எட்டு வருடம். எட்டுக்கு எட்டு சரியாகப் போய்விட்டது, குறை சொல்லாதீர்கள்.

அதே மே மாதம் 12ஆம் தேதி 20 லட்சம் கோடி ரூபாய் அறிவிப்பு. உள்ளூர்ப் பொருளுக்குக் குரல் கொடுங்கள் என்றார் பிரதமர். மறுநாளிலிருந்து ஐந்து நாள் நிதியமைச்சர் அந்தக் கோடிகளுக்குக் கணக்குச் சொன்னார். கேட்டுக் கேட்டுக் கடைசியில் எங்களுக்குப் புரிந்தது, பெரும்பகுதி கடன். கடன் எங்களுக்குத் தெரியாத பொருளா? முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை அப்பா தறியோடு சேர்த்து மகனுக்கு விட்டுப்போகிற ஊர் இது.

ஜூன் 15 கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 வீரர்கள் உயிர் கொடுத்தார்கள். அதன் பிறகு நாடெங்கும் சீனப் பொருள் ஒழிப்பு. 29ஆம் தேதி டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை. எங்கள் தெருவிலும் ஓர் இளைஞன் ஆவேசமாகச் செயலியை அழித்தான். கச்சாப் பட்டில் கணிசமான பங்கு காலங்காலமாகச் சீனாவிலிருந்து வருவது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாவை அறுத்திருப்பான். இத்தனைக்கும் எட்டு மாதம் முன்புதான், 2019 அக்டோபரில் மாமல்லபுரத்துக்கு வந்த ஷி ஜின்பிங்குக்கு, சிறுமுகை நெசவாளர் அவர் முகத்தையே பட்டில் நெய்த சால்வை பரிசாகப் போனது. எல்லையில் என்ன நடந்தாலும் பரிசுக்கு நெசவாளி, பழிக்கும் நெசவாளி வீட்டுப் பாவு.

இப்போது முக்கியமான வாரத்துக்கு வருகிறேன். இந்த மலரைப் போட்டதே இதற்காகத்தான்.

2020 ஜூலை 27. மத்திய ஜவுளி அமைச்சகம் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தது. ஆகஸ்ட் 3, கைவினைப்பொருள் வாரியத்துக்கும் அதே கதி. குறைந்த அரசு, நிறைந்த ஆளுகை என்பது காரணம். 1952இல், சுதந்திரத்தின் சூடு ஆறும் முன்பு, கைத்தறிக்கும் கைவினைக்கும் என்று வேர் விட்ட அமைப்பின் வாரிசுகள் இவை. நான் ஒன்றும் அந்த வாரியத்துக்கு மாலை போட வரவில்லை. ஆலோசனை சொல்வதுதான் அதன் வேலை. சொன்னதைக் கேட்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆரணியில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருந்ததே அது செத்த பிறகுதான் தெரியும். ஆனாலும் தறிக்காரன் ஒருவன் டெல்லியில் அமைச்சருக்கு எதிரே உட்கார்ந்து ‘ஐயா, கட்டுப்படி ஆகலை’ என்று நேராகச் சொல்ல, அரசாணைப்படி ஒரு நாற்காலி அங்கே இருந்தது. தஸ்த்கார் அமைப்பின் லைலா த்யாப்ஜி போன்றவர்கள் அதைத்தான் அன்றே எடுத்துச் சொன்னார்கள். நாற்காலி ஆடினால் காலுக்கு ஆப்பு வைப்பார்கள். இவர்கள் உட்கார வந்தவனுக்கு வைத்தார்கள். அதனால் கஜானாவுக்கு எவ்வளவு மிச்சம்? சில ரயில் டிக்கெட், கொஞ்சம் டீ, பிஸ்கட்.

செய்தியில் வந்ததா? வந்திருக்கும், ஏதோ ஒரு மூலையில். அந்த வாரம் உலகமே நெருக்கியடித்துக்கொண்டு நடந்தது. ஆகஸ்ட் 4 பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. நம் மணலியிலும் அதே சரக்கு நூற்றுக்கணக்கான டன் கிடப்பது தெரிந்து சென்னைக்கு வியர்த்தது. ஆகஸ்ட் 5 அயோத்தியில் பூமி பூஜை, எல்லாச் சேனலிலும் நேரலை. அதே நாட்களில் தங்கம் சவரன் 43,000 ரூபாயைத் தாண்டியது. வெள்ளியும் கூடவே ஏறியது. அசல் ஜரிகைக்கு உடம்பு வெள்ளி, மேலே தங்கப்பூச்சு. விற்காமல் கிடந்த சேலைக்கு வாங்காத ஜரிகையின் விலை ஏறியதால் எங்களுக்கு நஷ்டமில்லை என்று ஒரு பொருளாதார மேதை விளக்கலாம்.

ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி தினம். ஆறாவது முறை.

வாரியம் செத்துப் பதினோரு நாள். பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை. பாயசம் பரிமாறினார்கள். அமைச்சர் வாழ்த்தினார், பிரதமர் வாழ்த்தினார். கைவினைக்குக் குரல் கொடுங்கள் என்று ஹேஷ்டேக் போட்டார்கள். அது நாடெங்கும் பறந்தது. சேலை கட்டிய படங்கள், அங்கவஸ்திரம் போர்த்திய படங்கள், மாடிப்படியில் சாய்ந்தபடி, துளசிமாடத்தின் அருகில், செடிகளுக்கு நடுவில். குரல்வளையில் கால் வைத்துக்கொண்டு ‘குரல் கொடு, குரல் கொடு’ என்று ஊரைக் கூட்டிக் கேட்பதற்கு ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும். அதை வெட்கமில்லாமல் செய்தார்கள் என்பதைவிட, எங்களில் பலரும் அதே ஹேஷ்டேக்கோடு எங்கள் தறிப் படத்தைப் போட்டோம் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. விருப்பக்குறிகள் வந்தன. அவற்றைக் கூலியில் சேர்க்க முடியவில்லை.

அந்தத் தினத்தையே 2015இல் சென்னையில்தான் தொடங்கிவைத்தார்கள். 1905 ஆகஸ்ட் 7 கல்கத்தாவில் சுதேசி இயக்கம் பிறந்த நாள் என்பதால் அந்தத் தேதி. வரலாறு சரிதான். ஆனால் தமிழ்நாட்டுக் காலண்டரில் அது நட்ட நடு ஆடி. ஒருவன் கல்யாணம் செய்யமாட்டான், ஒருத்தி முகூர்த்தப் பட்டு எடுக்கமாட்டாள். பட்டுக்குப் பண்டிகை வைக்க வருடத்தில் அதைவிடப் பொருத்தமில்லாத மாதத்தைத் தேடினாலும் கிடைக்காது. சென்னையில் மேடை போட்டவர்கள் ஓர் ஐயரையாவது கேட்டிருக்கலாம்.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஆகஸ்ட் 15 மாலை 19:29 மணிக்கு தோனி ஓய்வு. நாடு விம்மியது. செப்டம்பரில் எஸ்.பி.பி. போனார், அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை, தறிக்கூடத்து ரேடியோவில் பாதி நாள் அவர்தான் எங்களோடு நெய்தவர். சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் தடவையாகப் பிளே-ஆஃப் போகவில்லை. எங்கள் ஊரில் அதற்குச் சோறு இறங்காதவர்கள் இருந்தார்கள், சோறு இருந்த வீடுகளில். நவம்பரில் அமெரிக்கத் துணை அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ் ஜெயித்தார். மன்னார்குடிப் பக்கம், அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்தார்கள். பதவியேற்புக்குப் பட்டுச் சேலை கட்டுவாரா என்று சமூக வலைத்தளங்களில் பட்டிமன்றம் நடந்தது. கட்டினாலும் காஞ்சிபுரம் என்றுதான் எழுதியிருப்பார்கள். மாதக் கடைசியில் நிவர் புயல். மழை பிடித்தால் குழித்தறியின் குழியில் தண்ணீர் ஊறும். காலை எங்கே வைத்து மிதிப்பது?

இளசுகள் தறிக்குத் திரும்பவில்லை. செய்யாறு சிப்காட்டில் வெளிநாட்டுக்கு ஷூ தைக்கும் கம்பெனி இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., வாசலுக்கு வந்து ஏற்றிப்போக வண்டி. ‘பாரம்பரியத்தைக் கைவிடுகிறார்களே’ என்று கட்டுரை எழுதுகிறவர்கள் தயவுசெய்து தங்கள் பிள்ளைகளில் ஒன்றை அனுப்பிவைக்கட்டும். குழி காலியாக இருக்கிறது.

ரஜினியை மறக்கவில்லை. டிசம்பர் 3, கட்சி தொடங்குவேன் என்றார். 29ஆம் தேதி, உடல்நிலை காரணமாக இல்லை என்றார். இல்லாத ஒரு கட்சி கலைந்ததற்குச் சேனல்கள் இரவு பகலாக ஆய்வு செய்தன, ரசிகர்கள் அவர் வீட்டு வாசலில் அழுதார்கள். இருந்த ஒரு வாரியம் கலைந்ததற்கு ஐந்து நிமிட விவாதம் நான் பார்க்கவில்லை. நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, 2019-20, நாட்டில் 35 லட்சத்துக்கும் மேல் கைத்தறித் தொழிலாளர் இருப்பதாகச் சொல்கிறது. நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குள் என்றும் சொல்கிறது. இந்தக் கணக்கை எடுத்த அமைச்சகமும் வாரியத்தைக் கலைத்த அமைச்சகமும் ஒன்றேதான். தெரியாமல் செய்தார்கள் என்று யாரும் பழி போட முடியாது.

அடுத்த ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. இந்தப் பக்கம் வேட்பாளர் என்றால் தறியில் ஏறி உட்கார்ந்தாக வேண்டும், அது கட்சி பேதமற்ற சடங்கு. பொன்னாடை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, நாடாவை இழுத்து, பலகையைத் தவறான நேரத்தில் மிதித்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து போவார். இழைகள் அறுந்து தொங்கும். ஒவ்வொன்றாகத் தேடி முடி போட்டு, பாவைச் சரிசெய்ய நெசவாளிக்குப் பாதி நாள் போகும். அந்தப் பாதி நாள் கூலிக்கான பில்லை எந்தக் கட்சி அலுவலகத்துக்கு அனுப்புவது என்று வரப்போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் உபகாரமாக இருக்கும். தறிக்கு ஒன்று வீதம் அச்சடித்து வைத்திருக்கிறோம்.